நெடுந்தீவுக்கு ஒரே நாளில் போய்வருவது: சைக்கிளா, ஓட்டோவா, எதைப் பார்ப்பது, எதை விடுவது?

பயணப்பை:

எல்லாருக்கும் வணக்கம். பங்குனி மாதம் ஒரு சனிக்கிழமை கொழும்பில் இருந்து நாங்கள் நான்கு பேர் யாழ்ப்பாணம் வருகிறோம். அந்த நாள் முழுவதையும் நெடுந்தீவுக்கு ஒதுக்கியிருக்கிறோம். வாகனத்தில் இறங்கி ஏறிப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிற பயணம் எங்களுக்கு வேண்டாம். உடம்பு களைக்க வேண்டும், கொஞ்சம் துணிந்து போய்ப் பார்த்ததாகவும் இருக்க வேண்டும்.

திட்டம் இப்படி. இரவு ரயிலில் வந்து விடிய இறங்கி நேராகக் குறிகட்டுவான் இறங்குதுறை. முதலில் நயினாதீவு, நாகபூசணி அம்மனைக் கும்பிட்டுவிட்டு அடுத்த படகில் நெடுந்தீவு. அங்கே சைக்கிளில் தீவை முழுதாக ஒரு சுற்று: மட்டக்குதிரைகள், ஒல்லாந்தர் கோட்டை, பெருக்குமரம் (பாவோபாப்), வெடியரசன் கோட்டை, குயின்ரா கோபுரம். பிறகு தெற்குக் கரையில் நீச்சல். பின்னேரம் படகு பிடித்து யாழ்ப்பாணம், இரவே கொழும்புக்கு ரயில். எங்களில் ஒருவர் ட்ரோன் கொண்டுவருகிறார்.

இது ஒரே நாளில் நடக்குமா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள். ஊர்க்காரர் யாராவது இருந்தால் இன்னும் நல்லது.

மாவிலிக்காற்று:

தம்பி, வாருங்கள், சந்தோசம். நான் நெடுந்தீவு மத்தியில் இருக்கிறேன். நீங்கள் எழுதியதில் பாதி நடக்கும். எந்தப் பாதி என்பதைத் திரும்பிப் போகிற படகை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இருந்து குறிகட்டுவானுக்கு 776ஆம் இலக்க பஸ். பண்ணைப் பாலம் தாண்டி வேலணை, அப்புறம் வாணர் பாலம் தாண்டிப் புங்குடுதீவு, அதன் மற்றக் கரையில் குறிகட்டுவான் இறங்குதுறை. ஒன்றரை மணிநேரம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து நெடுந்தீவு மாவிலித்துறைக்குக் கடலில் ஒரு மணிநேரம். காலைப் படகில் வந்து பிற்பகல் படகில் திரும்புகிறவருக்குத் தரையில் கிடைப்பது ஐந்து மணிநேரம் அளவுதான். அதற்குள் தீவை முழுதாகச் சுற்றவும் வேண்டும், கோயிலுக்கும் போக வேண்டும், நீந்தவும் வேண்டும் என்றால் ஒன்றையும் ஒழுங்காகப் பார்க்க மாட்டீர்கள்.

நயினாதீவை இன்னொரு நாளுக்கு வையுங்கள். அது குறிகட்டுவானில் இருந்து இருபது நிமிடப் படகு, அடிக்கடி ஓடும், எப்போதும் போகலாம். நெடுந்தீவுப் படகு அப்படி இல்லை. காலைப் படகை விட்டால் அந்த நாளே கையை விட்டுப் போய்விடும்.

இரவு ரயில் யோசனையும் எனக்குப் பிடிக்கவில்லை. ரயில் பிந்தினால் முதல் பஸ் போய்விடும், பஸ் போனால் படகு போய்விடும். முதல் நாளே வந்து யாழ்ப்பாணத்தில் படுத்து எழும்புங்கள்.

பனங்கூடல்:

மாவிலி அண்ணை சொன்னதோடு முழுதாக ஒத்துப்போகிறேன். நாங்கள் யாழ்ப்பாணத்துச் சைக்கிள் ஓட்டக்காரர், தீவுப் பக்கம்தான் கூடுதலாக ஓடுவோம். உங்களுக்கு உடம்பு களைக்க வேண்டும் என்றால் ஒரு யோசனை: பஸ்ஸை விட்டுவிட்டுக் குறிகட்டுவான் வரைக்கும் சைக்கிளிலேயே வாருங்கள். பாதை தட்டை. வாணர் பாலத்தில் இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல், வலை வைக்கிறவர்கள், நாரையும் கூழைக்கடாவும். அந்த இடத்தை பஸ் யன்னலால் பார்ப்பதற்கும் காற்றில் மிதித்துக் கடப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

ஆனால் விடியப் புறப்பட வேண்டும், இருட்டில் லைட் வேண்டும். உங்கள் நான்கு பேரில் ஒருவருக்காவது பழக்கம் இல்லாவிட்டால் பஸ்தான் சரி.

பயணப்பை:

நன்றி அண்ணை, நன்றி பனங்கூடல். நயினாதீவை எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பகலே வந்துவிடுகிறோம். எங்களில் இரண்டு பேர் வழக்கமாகச் சைக்கிள் ஓடுகிறவர்கள் இல்லை, அதனால் குறிகட்டுவான் வரை பஸ்.

தீவுக்குள் சைக்கிள் எப்படி? வாடகைக்குக் கிடைக்குமா?

வேலணை மருமகள்:

நான் சைக்கிளுக்கு எதிர். கோபிக்க வேண்டாம். பங்குனி வெயில் கொழும்பு வெயில் இல்லை. நெடுந்தீவில் ஊர்மனை தாண்டினால் நிழல் கிடையாது. பனை நிற்கும், ஆனால் பனைநிழலில் எத்தனை பேர் ஒதுங்கலாம்? மாவிலித்துறையில் இறங்கியதும் ஓட்டோவும் பிக்கப்பும் நிற்கும், விலை பேசிக்கொண்டு ஏறினால் முக்கியமான இடங்களை எல்லாம் காட்டி நேரத்துக்குப் படகில் கொண்டுவந்து விடுவார்கள். அவர்களுக்கும் அது பிழைப்பு. போன வருடம் நாங்கள் மாமியையும் கூட்டிக்கொண்டு அப்படித்தான் போனோம், ஒரு குறையும் இல்லை.

பனங்கூடல்:

அக்கா, மாமியோடு போகிறவர்களுக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. இவர்கள் கேட்பது வேறு. ஓட்டோவில் போனால் ஓட்டோ நிற்கிற இடங்களைத்தான் பார்ப்பீர்கள். நெடுந்தீவின் வடிவு அந்த இடங்களுக்கு இடையில் இருக்கிறது. முருகைக்கல்லை (பவளப்பாறைக் கல்) சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கல்வேலிகள், ஒழுங்கைக்கு இரண்டு பக்கமும் போய்க்கொண்டே இருக்கும். குடாநாட்டில் வேறு எங்கேயும் அப்படிப் பார்க்க முடியாது. சைக்கிளில் போனால்தான் நினைத்த இடத்தில் நிற்கலாம்.

பாதை பற்றி: பிரதான வீதி ஓடக்கூடியது. உள் ஒழுங்கைகள் கல்லும் மணலும். மெல்லிய டயர் சரிவராது, ஒட்டுப்போடும் சாமான், பம்ப், ஒரு மேலதிக டியூப் கட்டாயம். இன்னொன்று காற்று. தட்டையான தீவு, மறைப்பு இல்லை. காற்று எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். உடம்பில் தென்பு இருக்கும்போது எதிர்காற்றில் போய், திரும்பும்போது பின்காற்றில் வருகிற மாதிரிப் பாதையை வைக்க வேண்டும். மாறிச் செய்தால் படகுக்கு ஓடவேண்டிய நேரத்தில் காற்று முகத்தில் அறையும்.

மாவிலிக்காற்று:

வாடகைச் சைக்கிளை நம்பி வரவேண்டாம். கேட்டால் யாராவது தருவார்கள், ஆனால் நான்கு பேருக்கும் ஒரே காலையில், பிரேக் பிடிக்கிற சைக்கிளாகக் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். படகில் எங்கள் சனம் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஏற்றித்தான் போய்வருகிறது. முதல் நாளே இறங்குதுறையில் பேசுங்கள். படகு நிறைந்திருந்தால் முதலில் ஊர்ச்சனம், பிறகுதான் உங்கள் சைக்கிள். ஆசுப்பத்திரிக்குப் போனவர், பள்ளிக்கூட ஆசிரியர், அரிசி மூட்டையோடு வருகிற அம்மா, எல்லாருக்கும் இந்தப் படகுதான் பாதை. சுற்றுலாக்காரர் கூடும் நாட்களில் எங்கள் ஆட்களுக்கே இருக்க இடம் இல்லாமல் போகிறது, அதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள்.

சோளகன்:

கடலைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. நாங்கள் தொழில் செய்கிற குடும்பம், அதனால் சொல்கிறேன்.

பங்குனியில் வருகிறீர்கள், நல்ல மாதம். வாடைக்காற்று (வடகிழக்குக் காற்று) ஓய்ந்து சோளகம் (தென்மேற்குக் காற்று) தொடங்குவதற்கு முந்திய காலம், கடல் படுத்திருக்கும். வைகாசிக்குப் பிறகு சோளகம் எழுந்தால் கதை வேறு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மழையும் வாடையும். இந்த இரண்டு காலத்திலும் படகு ஓடாத நாட்கள் வரும். காலையில் ஓடி, பின்னேரம் நின்ற நாட்களும் உண்டு.

பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். ஆழக்கடலில் அலை நீளமாக வந்து தூக்கி இறக்கும். இங்கே காற்று எழுந்தால் அலை குறுகலாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்து வந்து அடிக்கும். பெரிய அலை இல்லையே என்று புதிதாக வருகிறவர் நினைப்பார், ஆனால் வள்ளம் உலுப்புவது இதில்தான் கூட. ஆக, காலையில் கடல் கண்ணாடியாக இருந்தாலும் பின்னேரம் காற்றெடுக்கும் என்று எண்ணித்தான் வரவேண்டும்.

படகில் ஏறியதும் உயிர்காப்பு அங்கியைப் போடுங்கள். கையில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டாம், வெக்கை என்று கழற்றவும் வேண்டாம். படம் எடுப்பதற்காக எல்லாரும் ஒரு பக்கம் சாயக் கூடாது. சத்தி வருகிற ஆள் இருந்தால் பின்பக்கம் நடுவில் இருத்தி, தூரத்தில் தெரிகிற கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் ஏறவும் கூடாது, வயிறு முட்டத் தின்றுவிட்டு ஏறவும் கூடாது.

படகு ஆட்களை அளவுக்கு மிஞ்சி ஏற்றுவதாகப் பட்டால் இறங்கிவிடுங்கள். துணிவான பயணம் வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். இறங்குவதற்கும் துணிவு வேண்டும்.

வைகைக்கரை:

மதுரையில் இருந்து எழுதுகிறேன். இந்த இழையை ஆர்வமாகப் படித்து வருகிறேன். ராமேஸ்வரத்துக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பக்கம் நெடுந்தீவு இருக்கிறது என்று மீனவர்கள் சொல்வார்கள். அங்கிருந்து நேராகப் படகில் வர வழி ஏதாவது உண்டா? கச்சத்தீவையும் சேர்த்துப் பார்க்க முடியுமா?

சோளகன்:

இல்லை அண்ணா. நேராக வருவது எல்லை தாண்டுவது, அதைப் பயணம் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பிடிபட்டால் வழக்குத்தான். சட்டப்படி வருவதென்றால் நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டிருக்கிறார்கள். 2023 ஒக்ரோபரில் தொடங்கி இடையில் நின்று, 2024 ஆகஸ்ட்டில் மறுபடி தொடங்கியது. மாரியில் கடல் குழம்பினால் நிறுத்துவார்கள், அதனால் வெளிக்கிட முதல் விசாரியுங்கள். சென்னையில் இருந்து பலாலிக்கு விமானமும் வருகிறது.

கச்சத்தீவு நிர்வாகத்தில் நெடுந்தீவுக்குள் வருகிற இடம்தான். ஆனால் அங்கே ஆட்கள் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, அந்தோனியார் கோயில் மட்டும். திருவிழாவுக்குத்தான் இரண்டு கரைச் சனத்தையும் விடுவார்கள். அதுவும் பதிவு செய்து போகிறவர்களைத்தான். சுற்றிப் பார்க்க என்று போக முடியாது.

வேலணை மருமகள்:

நல்ல நேரம் ஞாபகப்படுத்தினீர்கள். அந்தத் திருவிழா மாசி, பங்குனியில்தான் வரும், தவக்காலத்தை ஒட்டி. அந்த நாட்களில் குறிகட்டுவான் பக்கம் போகவே முடியாது, பஸ்ஸும் படகும் யாத்திரைக்காரருக்கே காணாது. பயணப்பை, உங்கள் சனிக்கிழமை அதோடு முட்டுகிறதா என்று முதலில் பாருங்கள்.

பயணப்பை:

பார்த்துவிட்டேன், முட்டவில்லை. நல்லவேளை கேட்டோம்.

இப்போது குதிரைகள். எந்தப் பக்கம் போனால் காணலாம்? கிட்டப் போகலாமா? ட்ரோனில் மேலிருந்து கூட்டமாக எடுத்தால் நன்றாக இருக்கும் என்று நண்பன் நிற்கிறான்.

பசும்புல்:

நான் விலங்கியல் படித்தவள், அந்தக் குதிரைகளைப் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவை காட்டுக் குதிரைகள் அல்ல. வளர்ப்புக் குதிரைகளின் வழிவந்து, ஆள் கைவிட்ட பிறகு தாமாக வாழப் பழகிய கூட்டம். போர்த்துக்கேயர் கொண்டுவந்தார்கள், ஒல்லாந்தர் இங்கே வளர்த்தார்கள், ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி தீவைப் பொறுப்பில் வைத்துக் குதிரை வளர்ப்பை நடத்தினார். லாயத் தூண்கள் இன்றும் நிற்கின்றன, பெரிய குதிரைப்பண்ணை இருந்தது என்பதை அதைப் பார்த்தாலே விளங்கும். வண்டியும் படையும் குதிரையை விட்டுப் போன பிறகு அவற்றைக் கட்டிக் காக்க ஆள் இல்லை. மிஞ்சியவைதான் இவை.

கூடுதலாக மேற்கிலும் தெற்கிலும் உள்ள புல்வெளியில் நிற்கும். சின்னச் சின்னக் கூட்டமாக, பெரும்பாலும் ஓர் ஆண், சில பெண் குதிரைகள், குட்டிகள். விடியவும் பொழுது சாயவும் நன்றாக மேயும். உச்சி வெயிலில் தண்ணீர் நிற்கும் பள்ளங்களை ஒட்டி அசையாமல் நிற்பதைப் பார்க்கலாம். நீங்கள் போய்ச் சேர்கிற நேரம் அதுதான்.

இங்கேதான் என் வேண்டுகோள். பங்குனி என்றால் மாரி பெய்து முடிந்து வெளி காயத் தொடங்குகிற காலம். ஆவணி, புரட்டாதி வரும்போது பள்ளங்கள் வற்றிவிடும். மழை பிந்திய ஆண்டுகளில் தண்ணீர் இல்லாமல் குதிரைகள் செத்திருக்கின்றன. ஊர்ச்சனமும் மற்றவர்களும் தொட்டி கட்டித் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட விலங்கைப் படத்துக்காக விரட்டினால் அது ஓடுகிற ஓட்டம் உங்களுக்கு வடிவாக இருக்கும். அதற்கு அது தேவையில்லாத இளைப்பு, தேவையில்லாத தாகம். குட்டி பின்தங்கும். தண்ணீர்ப் பள்ளத்துக்கும் குதிரைக்கும் இடையில் போய் நிற்க வேண்டாம். தூரத்தில் இருங்கள், அசையாமல் இருங்கள், அவை தாமாகக் கிட்ட வந்தால் வரட்டும். பிஸ்கட், பாண் ஒன்றும் போடக் கூடாது.

ட்ரோனுக்கு வருகிறேன். இலங்கையில் ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். அந்தப் பக்கம் கடற்படை முகாமும் உண்டு. அதைவிட, அந்தச் சத்தத்துக்குக் குதிரைகள் கலைந்து ஓடும். அவை மேயும் புல்வெளியில் ஒரு பகுதியை 2015இல் தேசியப் பூங்காவாக அறிவித்திருக்கிறார்கள், வனசீவராசிகள் திணைக்களத்துக்கு உட்பட்ட இடம். ட்ரோனை வீட்டில் வைத்துவிட்டு ஒரு பைனாகுலர் கொண்டு வாருங்கள்.

பனங்கூடல்:

ட்ரோன் எடுப்பவர்கள் எல்லாரும் விரட்டுகிறவர்கள் இல்லை. அனுமதி எடுத்து, உயரத்தில் வைத்து எடுத்த படங்களால்தான் வெளியில் இருக்கிற சனத்துக்கு நெடுந்தீவு தெரிய வந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

பசும்புல்:

அனுமதி எடுத்தவர், நாள் கணக்காக இருந்து விலங்கின் போக்கைப் பார்த்து எடுத்தவர், அவரோடு எனக்கு வாதம் இல்லை. ஐந்து மணிநேரத்துக்கு வருகிறவருக்கு அந்தப் பொறுமை இருக்காது. படகு நேரம் நெருங்க நெருங்க இன்னும் கொஞ்சம் கீழே இறக்கு, இன்னும் கொஞ்சம் கிட்டப் போ என்றுதான் வரும். எனக்கு இந்த விசயத்தில் இடைப்பட்ட கருத்து இல்லை.

லண்டன் வடலி:

வணக்கம். நான் நெடுந்தீவில் பிறந்தவன், பதின்ம வயதில் வெளிக்கிட்டவன். இங்கே இருக்கிற பிள்ளைகள் எங்கள் ஊருக்கு இப்படி ஆர்வமாக வெளிக்கிடுவதைப் பார்க்கச் சந்தோசமாக இருக்கிறது. சில விசயங்களைச் சொல்ல வேண்டும்.

மாவிலித்துறையில் இறங்கும்போது குமுதினிப் படகின் நினைவிடம் இருக்கிறது. 1985 மே 15ஆம் திகதி, நெடுந்தீவில் இருந்து குறிகட்டுவானுக்குப் போய்க்கொண்டிருந்த குமுதினியை நடுக்கடலில் மறித்து, அதில் இருந்த சனத்தை வெட்டிக் கொன்றார்கள். குழந்தையும் பெண்களும் வயது போனவர்களும். நீங்கள் வருகிற அதே கடல், அதே பாதை. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் ஊர் கூடி விளக்கேற்றுகிறது. படகால் இறங்கியதும் எல்லாரும் ஓட்டோ பிடிக்க ஓடுவார்கள். நீங்கள் ஐந்து நிமிடம் அங்கே நில்லுங்கள். குடும்பத்தில் ஆளை இழந்தவர் உங்களோடு அதே படகில் வந்திருப்பார்.

இரண்டாவது, கல்வேலி. தம்பி பனங்கூடல் வடிவாக எழுதினார். அவை பழைய காலத்துச் சின்னம் அல்ல, ஒவ்வொன்றும் ஒருவருடைய காணி எல்லை. ஆள் வெளிநாட்டில் இருக்கலாம், வன்னியில் இருக்கலாம், வீடு கூரை இல்லாமல் நிற்கலாம். காணி காணிதான். வேலிக்கு மேல் ஏறி நின்று படம் எடுப்பவர்களைக் காணொளிகளில் பார்க்கிறேன். சாந்து இல்லாத கல், ஒருவர் ஏறினால் மேல்வரி சரியும், ஆடும் மாடும் அதால் உள்ளே போகும். அடுக்கித் திருத்த அங்கே இப்போது கைகள் குறைவு. ஒரு முருகைக்கல்லை ஞாபகத்துக்கு என்று பையில் வைத்துக்கொண்டு போகிறவரும் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

மூன்றாவது, தண்ணீர். எங்கள் தீவில் கிணறு இருக்கும், ஆனால் பெரும்பாலும் உவர். நல்ல தண்ணீருக்குச் சாறாப்பிட்டிக் கிணறுகளைத்தான் ஊர் நம்பி இருந்தது. என் அம்மா அங்கிருந்து குடத்தில் சுமந்தவர். கடலில் குளித்துவிட்டு உப்பைக் கழுவ என்று ஊர்க் கிணற்றில் வாளி வாளியாக அள்ளி ஊற்ற வேண்டாம். உங்களுக்கு வேண்டிய குடிநீரை நீங்களே கொண்டு வாருங்கள்.

பயணப்பை:

வடலி அண்ணா, மிகவும் நன்றி. குமுதினியைப் பற்றிப் பெயர் மட்டும்தான் கேள்விப்பட்டிருந்தேன். நண்பர்களுக்கும் உங்கள் பதிவை அனுப்பியிருக்கிறேன். ட்ரோன் வரவில்லை, அது முடிவாகிவிட்டது.

தண்ணீர் எவ்வளவு கொண்டுவருவது? சாப்பாட்டுக்கு என்ன செய்வது? நீச்சலைப் பற்றியும் யாரும் சொல்லவில்லை.

மாவிலிக்காற்று:

சைக்கிள் ஓடினால் ஆளுக்கு மூன்று லீற்றர். கடைகளில் போத்தல் தண்ணீர் உண்டு, ஆனால் கடைகள் ஊர்மனையில். வெளிக்குப் போனால் ஒன்றும் இல்லை. ஜீவனிப் பைக்கற் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சர்க்கரைத் தூள்) சில வாங்கி வையுங்கள், வெயிலில் தலை சுற்றினால் அதுதான் கைகொடுக்கும். தொப்பியும் முழுக்கைச் சட்டையும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு, இறங்கியதும் துறைப் பக்கத்துக் கடையில் இத்தனை பேர், இத்தனை மணி என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் ஒரு மணிக்குப் போய் நின்றால் சமைத்தது முடிந்திருக்கும், புதிதாகச் சமைக்க உங்களுக்கு நேரம் இருக்காது. அன்றைக்கு வலையில் என்ன பட்டதோ அதுதான் கறி. நண்டு கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். எங்கள் ஊர்ப் பாலும் தயிரும் பெயர் போனவை, கிடைத்தால் விடாதீர்கள்.

பணம் கையில் கொண்டு வாருங்கள். அடையாள அட்டையும்.

சோளகன்:

நீச்சல். தெற்குக் கரையில் வேண்டாம். அந்தப் பக்கம் திறந்த கடல், நீரோட்டம் உண்டு, ஆள் நடமாட்டம் இல்லை, ஒன்று நடந்தால் கூப்பிட யாரும் இல்லை. தீவில் ஆசுப்பத்திரி இருக்கிறது, ஆனால் கடுமையான நோயாளியைப் படகில்தான் கரைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வடக்குப் பக்கம் ஆழமில்லாத இடங்களில் ஊர்ப் பிள்ளைகள் குளிப்பார்கள், அவர்களைக் கேட்டு அங்கே இறங்குங்கள். அடியில் முருகைக்கல், வெறுங்காலோடு இறங்கினால் வெட்டும், அந்தக் காயம் கெதியில் ஆறாது. பழைய சப்பாத்து ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். கடல் முள்ளியும் இருக்கும், சொறி முட்டையும் (ஜெல்லிமீன்) வரும். சொறி பட்டால் கடல் தண்ணீரால் கழுவுங்கள், நல்ல தண்ணீர் ஊற்றவோ தேய்க்கவோ கூடாது. இடுப்பளவு தண்ணீருக்கு மேல் போகாதீர்கள்.

பனங்கூடல்:

ஐந்து மணிநேரத்துக்கு நான் வைக்கிற பாதை. துறையில் இருந்து முதலில் ஆசுப்பத்திரிப் பக்கம். ஒல்லாந்தர் கோட்டை அதன் பின்னால்தான் இருக்கிறது. முருகைக்கல்லால் கட்டிய இரண்டு மாடி, சுவர்கள் பாதிக்கு மேல் இடிந்துவிட்டன, மேலே ஏற வேண்டாம். அந்தப் பக்கத்திலேயே ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடும் இருக்கிறது. தகவல் அனுப்பப் புறா வளர்த்த கூடு. இவை இரண்டுக்கும் அரை மணிநேரம் போதும். பெருக்குமரத்துக்கு ஒரு கால் மணி. அடிமரம் பொந்து, உள்ளே ஆட்கள் போய் நிற்கலாம், பட்டையில் பெயர் செதுக்கியிருக்கிறவர்களைப் பார்க்க வயிறு எரியும்.

அதற்குப் பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேற்கே போனால் குதிரை வெளி, லாயம், வெடியரசன் கோட்டை. தெற்கே போனால் குயின்ரா கோபுரம், ஆளில்லாக் கரை. இரண்டையும் சைக்கிளில் ஒரே நாளில் பிடிக்கப் பார்க்க வேண்டாம். நான் என்றால் மேற்கு. கோபுரம் கப்பல்காரருக்கு அடையாளமாகக் கட்டியது, போய்ச் சேரும் பாதை அருமை, ஆனால் முதல் தடவை வருகிறவர் குதிரை வெளியைப் பார்க்காமல் திரும்பக் கூடாது.

வைகைக்கரை:

வெடியரசன் கோட்டை பற்றி யாராவது இரண்டு வரி எழுதுங்களேன்.

லண்டன் வடலி:

முக்குவர் அரசன் வெடியரசன் ஆண்ட இடம் என்று எங்கள் ஊர் மரபு. வட்டமான முருகைக்கல் அடித்தளங்கள் இருக்கின்றன. அவை பௌத்தத் தூபிகளின் எச்சம் என்பது தொல்லியல் தரப்பின் பார்வை. இரண்டையும் வைத்து இன்று பெரிய வாதம் நடக்கிறது. போகிறவர்கள் அங்கே கல்லைப் புரட்டாமல், கூட்டம் போடாமல் பார்த்துவிட்டு வந்தால் போதும்.

பயணப்பை:

சரி. மாறிய திட்டத்தைப் போடுகிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள்.

வெள்ளி பகலில் யாழ்ப்பாணம் வருகிறோம். பின்னேரம் பஸ் நிலையத்தில் 776இன் நேரம் கேட்கிறோம். சைக்கிள் யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு எடுத்தால் பஸ்ஸில் ஏற்ற முடியாது, அதனால் ஓட்டப் பழகிய இரண்டு பேர் விடியவே சைக்கிளில் குறிகட்டுவானுக்கு, மற்ற இரண்டு பேர் பஸ்ஸில். தீவில் இரண்டு பேருக்குச் சைக்கிள், மற்ற இரண்டு பேருக்கு ஓட்டோ. ஆசுப்பத்திரிப் பக்கமும் குதிரை வெளியிலும் சந்திக்கிறோம். ஓட்டோவில் வருகிறவர்கள் தண்ணீரையும் சாமானையும் கொண்டுவருவார்கள். குயின்ரா கோபுரத்தை விட்டுவிட்டோம். மத்தியானச் சாப்பாடு சொல்லிவைத்த கடையில், நேரம் மிஞ்சினால் வடக்குக் கரையில் கால் நனைப்பு. படகுக்கு ஒரு மணிநேரம் முதலே துறையில். ஞாயிறு பகல் ரயிலில் கொழும்பு, அதனால் சனி இரவு அவசரம் இல்லை.

மாவிலிக்காற்று:

இது நடக்கும். ஒன்றை மட்டும் சேருங்கள். இறங்கியவுடன், துறையை விட்டு நகர முதல், திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று படகுக்காரரிடம் நேரே கேளுங்கள். அட்டவணையில் எழுதியதும் இணையத்தில் பார்த்ததும் வேறு, அன்றைய காற்றுக்கும் சனத்துக்கும் ஏற்ப அவர்கள் சொல்வது வேறு. ஓட்டோக்காரரின் தொலைபேசி இலக்கத்தையும் சைக்கிள்காரர் வாங்கி வைக்க வேண்டும்.

படகு விட்டுப்போனாலும் பயப்படாதீர்கள். தங்குமிடங்கள் சில இப்போது இருக்கின்றன, ஊரும் உங்களைத் தெருவில் விடாது. ஆனால் அதை எண்ணிக்கொண்டு பிந்த வேண்டாம்.

வேலணை மருமகள்:

ஓட்டோவில் போகிற இரண்டு பேரில் பெண்பிள்ளைகள் இருந்தால்: மலசலகூடத்துக்குத் துறைப் பக்கமும் சாப்பாட்டுக் கடையும்தான். குதிரை வெளிப் பக்கம் கிடையாது. அதைக் கணக்கில் வைத்துப் புறப்படுங்கள்.

பயணப்பை:

இருக்கிறார்கள் அக்கா, நன்றி. கடைசியாக ஒரு கேள்வி. சைக்கிள் இரண்டையும் படகில் ஏற்றும்போது டயரில் காற்றைக் குறைக்க வேண்டுமா? உப்புத் தண்ணீர் பட்டால் சங்கிலி என்ன ஆகும்?

பனங்கூடல்:

காற்றைக் குறைக்கத் தேவையில்லை. சைக்கிளைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி, கயிற்றால் படகின் கம்பியோடு கட்டுங்கள், சங்கிலிப் பக்கம் உள்நோக்கி இருக்கட்டும். கயிறு நீங்களே கொண்டு வாருங்கள். சங்கிலிக்குப் போகும்போதே எண்ணெய் விடுங்கள், யாழ்ப்பாணம் திரும்பியதும் அன்றிரவே நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து மறுபடி எண்ணெய். காலையில் பார்க்கலாம் என்று விட்டால் துரு பிடித்துவிடும், வாடகைச் சைக்கிள்காரர் உங்களை விடமாட்டார்.